கன்னி மூலைப் பிள்ளையார்

எங்கள் சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கண் சரியாகத் தெரியவில்லை, முட்டி வலிக்கிறது என்று சாக்குச் சொன்னாலும் விடமாட்டார்கள். காரில் ஏற்றி, வழியில் கரும்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "பெரியம்மா ஒரு சுத்து சுத்தி வந்துட்டா போதும், அவங்க கிட்ட எதையும் ஒளிக்க முடியாது" என்று வீட்டுக்காரரிடமே பெருமையடிப்பார்கள். நான் கதவு நிலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

எனக்கு வீடு பார்க்கத் தெரியும், அதில் பொய்யில்லை. மழை பெய்த மறுநாள்தான் போவேன். காய்ந்த நாளில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான். நாலு சுவரில் ஒன்று மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதன் எதிரில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். கதவு நிலையின் அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டுவேன். அலமாரியை நகர்த்தச் சொல்வேன். வீடு யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் நிலம் யாருடையது என்று கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். குடித்து முடிப்பதற்குள் வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும்.

போன மாதம் தங்கை மகன் மலாக்காவில் பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு வீடு பார்த்தான். நம் ஆட்கள்தான் விற்கிறார்கள். வீட்டுக்காரம்மா மரியாதையாக மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் குடித்துவிட்டு, சாமி மேடைக்கு முன்னால் போய் நின்று, "இந்தப் படத்த எல்லாம் கொஞ்சம் எடுங்க, பின்னால பாக்கணும்" என்றேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. தங்கை மருமகள் என் முழங்கையைக் கிள்ளினாள். நான் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவள் ஒவ்வொரு படமாகக் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்துக் கீழே வைத்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. நல்ல சுவர்.

திரும்பி வரும்போது காரில் தங்கை மகன் சொன்னான். "சாமியப் போயி நகத்தச் சொல்றீங்களே பெரியம்மா, அது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஜாஸ்திதான்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருடங்களில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் செத்துப்போனால் அதுவும் இன்னொரு திருட்டுத்தனம் என்று தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த சமயத்தில் நாங்கள் காஜா பெராங்கில் இருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை. கூடத்துக்குப் பலகைத் தரை, சமையல்கட்டுக்கு மட்டும் சிமெண்டு. வீடு எங்களுடையது, நிலம் எங்களுடையது அல்ல. அந்தக் காலத்தில் மலாக்காவில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நிலத்துக்காரி பின்பக்கம் குடியிருந்த ஒரு மலாக்கா செட்டி விதவை, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன குடும்பம். கெபாயாச் சட்டையும் கைலியும் கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு இருப்பார். நம்மைவிட ஆசாரம் அதிகம், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். மாதம் பிறந்தால் நில வாடகையைக் கையில் கொடுத்துவிட்டு அவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவது என் வேலை.

என் கணவர் அரசாங்கத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. அதிகம் பேசமாட்டார். பொய் பேசத் தெரியாது என்பதைவிட, பொய் பேசினால் காது சிவந்துபோகும் என்பது சரி. குடும்பத்தில் சாமர்த்தியம் எல்லாம் எனக்குத்தான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு.

என் ஓரகத்தி உஜோங் பாசிரில் கல் வீடு வாங்கிக் குடிபோனாள். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குப் பலகை வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. அவள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் சிவப்புச் சாயம் போட்டு, முகம் பார்க்கிற மாதிரி மெழுகியிருந்தாள். அதே வரிசையில் இன்னொரு கல் வீடு விலைக்கு வந்தது. எங்கள் பலகை வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். தவணை சொல்லியிருந்தார்கள், அதற்குள் விற்றாக வேண்டும். பொறாமைதான், வேறு என்ன. பிள்ளைகள் படிப்புக்கு வசதி, கடல் காற்று என்று ஆயிரம் காரணம் சொன்னேன். எல்லாம் அந்தச் சிவப்புத் தரைதான்.

விற்பதற்கு முன்னால் கூரை ஒழுகலை அடைக்கலாம் என்று ஒரு சீனத் தச்சரைக் கூப்பிட்டோம். அவர் கூரையில் ஏறுவதற்கு முன்னால் கூடத்தின் தென்மேற்கு மூலையில், அதுதான் கன்னி மூலை, அங்கே இருந்த தூணில் கைவைத்தார். ஏதோ சந்தேகப்பட்டுத் திருப்புளியை எடுத்து அடியில் குத்தினார். திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போனது. "தாலாம் கோசோங்" என்றார். உள்ளே காலி. தூணின் மேல்தோல் மட்டும் தூணாக நின்றுகொண்டிருந்தது, மற்றதைக் கறையான் தின்றுவிட்டது. கூடத்து விட்டம் அந்தத் தூணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் கூரைக்கு முட்டுக்கொடுத்து, விட்டத்தைத் தூக்கி, புதுத் தூண் நிறுத்த வேண்டும். பத்து நாள் வேலை, அதற்கு ஆகும் செலவில் உஜோங் பாசிர் கையைவிட்டுப் போய்விடும்.

முதலில் வீடு பார்க்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். என் கணவர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், "இந்தத் தூணு சரியில்லீங்க, மாத்தணும்" என்று காட்டினார். வாத்தியார் நன்றி சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

"அரிச்சந்திரன் வீட்டுக்கு நான் வாக்கப்பட்டதே தப்பு" என்று அன்றைக்குக் கத்தினேன்.

"சொல்லிட்டு வித்தா வெலை கொறையும். சொல்லாம வித்தா, கூரை ஒருத்தன் தலையில விழும்" என்றார் அவர்.

"நமக்கு விழலியே, இத்தன வருசமா."

அடுத்த முறை யாராவது வந்தால் நீங்கள் ஆபீசில் இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டேன்.

அந்த யோசனை எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமி படம் துடைக்கும்போது வந்தது. வீடு வாங்க வருகிறவன் எல்லாத் தூணையும் தட்டிப் பார்ப்பான். நம் ஆள் எவனாவது சாமி நிற்கிற தூணைத் தட்டுவானா? தட்டமாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கும்பிடுவான். வேற்று இனத்து ஆள் வந்தாலும் அடுத்தவர் சாமியைத் தொடத் தயங்குவான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

எங்கள் சாமி மேடை வடகிழக்கு மூலையில் இருந்தது. அதைக் கழற்றினேன். கன்னி மூலைத் தூணில் ஓடிய மண் புற்றைத் தேங்காய் சுரண்டும் கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, ஓட்டைக்குள் பழைய பேப்பரைத் திணித்து மேலே சுண்ணாம்பு பூசினேன். தூணின் மேல்பாகம் கெட்டியாகத்தான் இருந்தது, அதில் ஆணி அடித்துப் பிள்ளையார் படத்தை மாட்டினேன். அடிப்பாகத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு விளக்கு ஏற்றினேன். கன்னி மூலையில் கணபதி இருப்பது ரொம்ப விசேஷம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுவது அதற்குத்தான்.

பின்வீட்டு நிலத்துக்காரி வந்து பார்த்துவிட்டு, சாமியை ஏன் இடம் மாற்றினாய் என்று மலாயில் கேட்டார். இது தமிழர்களுடைய பழைய அடாட், வீடு விற்கும்போது சாமியைக் கன்னி மூலைக்குக் கொண்டு வருவோம் என்று வாய் கூசாமல் சொன்னேன். தமிழ் பேசத் தெரியாத குறை அந்த அம்மாவுக்கு உண்டு. தமிழர் வழக்கம் என்றால் மறுபேச்சு பேசமாட்டார், அது எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனால், கன்னி மூலையில் புதிதாக ஒரு தட்டு அடித்துப் பிள்ளையாரை வைத்திருந்தார். "பெத்தூல் தா?" சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு அவர்கள் வந்தார்கள், புருசனும் பெண்டாட்டியும். அவர் எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிறவர். வெள்ளைக்காரத் துரை தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகிறான், லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றார். அவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஆறு மாதம் வயிற்றில். வீட்டுக்குள் நுழையும்போதே புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல ஓரமாக நடந்தாள்.

அந்த மனிதர் வீடு பார்த்த அழகை நான் மறக்கவில்லை. இன்றைக்கு நான் பார்க்கிற முறை பாதி அவரிடம் கற்றதுதான். வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பலகைத் தரைக்கு அடியில் பார்த்தார். கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தார். உள்ளே வந்து ஒவ்வொரு தூணாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "மரக்கடைக்கு லோரி ஓட்டியிருக்கேன்க்கா, சத்தத்துலயே தெரிஞ்சிடும்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டே கன்னி மூலைக்கு வந்தார். தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. தோள் துண்டில் இரண்டு கையையும் துடைத்தார். தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டார். பிறகு அடுத்த தூணுக்குப் போய்விட்டார்.

அவள் அங்கேயே நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. எங்க லயத்துல சாமிக்கு ஒரே ஒரு ஆணிதான். அதுலதான் அவரு சட்டையும் மாட்டுவாரு. நமக்குன்னு ஒரு சாமி மேடை இருக்கணும்னு எம்புட்டு நாளா நெனச்சிருக்கேன் தெரியுமா?" அவள் தூணில் கட்டியிருந்த மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க போறப்போ படத்த எடுத்துக்குவீங்க. இந்த மேசையும் துணியும் மட்டும் இப்படியே விட்டுட்டுப் போவீங்களாக்கா?"

துணியை அவிழ்க்காதவரைக்கும் எனக்கு நல்லது. "படத்தையும் நீயே வச்சுக்கம்மா. சாமிய எடம் மாத்தக்கூடாது" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். என் கையெல்லாம் ஈரமாகிவிட்டது. அந்த ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விலையில் ஒரு காசு குறைக்காமல் பேசி முடித்தேன்.

சாயங்காலம் கணவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கன்னி மூலையைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"அவங்க கேக்கல."

அவர் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போய் ரொம்ப நேரம் கழித்து வந்தார். ஸ்டாம்பு ஒட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடும் நாளில், நிலத்துக்காரியும் அந்த லோரிக்காரரும் எதிரே உட்கார்ந்திருக்க, இவர் தொண்டையைக் கனைத்து, "அந்த மூலைத் தூணு..." என்று ஆரம்பித்தார். "ரொம்ப ராசியான தூணு" என்று நான் முடித்துவைத்தேன். அவர் காது சிவந்ததை மற்றவர்கள் வெயில் என்று நினைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விற்கிறவர்களுக்கு இன்றைக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். குறையை நீங்களே காட்டுங்கள், அதற்கு ஏற்ற விலையைக் குறையுங்கள், பேரம் இரண்டு நாள் இழுக்கும், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் என்னைப் பெரிய யோக்கியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உஜோங் பாசிரில் சிவப்புத் தரையை மெழுகிக்கொண்டு ஐந்தாறு மாதம் ஓடியது. காஜா பெராங் பக்கமே போகாமல் இருந்தேன். பசாருக்குப் போவதானால்கூட வேறு வழியாகப் போனேன். ஒரு நாள் ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தபோது பின்னாலிருந்து "அக்கா" என்று ஒரு குரல். அவள்தான், தோளில் கைப்பிள்ளை. பெண் குழந்தை. பிள்ளை பிறந்த பிறகு கோயிலுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீடு நான் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. கன்னி மூலை பளபளவென்று இருந்தது. மஞ்சள் துணியைத் துவைத்துத் துவைத்துக் கட்டுகிறாளோ என்று பயந்துபோய்க் கேட்டேன். இல்லை, அவிழ்ப்பதில்லை, அதன் மேலேயே வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாளாம். "நீங்க கட்டுனத நான் அவுக்கலாமாக்கா?" என்றாள். தூணின் அடிப்பலகை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. கறையானுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

அப்புறம்தான் தொட்டிலைப் பார்த்தேன். கைலித் துணியில் கட்டி, கூடத்து விட்டத்தில் தொங்கவிட்டிருந்தாள். அந்த விட்டத்தில், அந்தத் தூணுக்கு ஒரு முழம் தள்ளி. சாமி பார்வையில் பிள்ளை தூங்கட்டும் என்று அங்கே கட்டினாளாம். பிள்ளையைப் போட்டு ஆட்ட ஆரம்பித்தாள். விட்டம் கிரீச் கிரீச் என்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு, எனக்கு வேறு.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூன்று வார்த்தைதான், 'இந்தத் தூணை மாத்து'. என் வாயிலிருந்து வந்தது இது: "தொட்டில அந்தக் கோடிக்கு மாத்திக் கட்டும்மா. இங்க சமையல் பொகை வரும், பிள்ளைக்கு ஆகாது."

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உடனே பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, முக்காலி மேல் ஏறி, தொட்டிலை அவிழ்த்து, வாசல் பக்கத்துச் சின்ன விட்டத்தில் கட்டினாள். "எனக்கு அம்மா இல்லக்கா. நீங்க இல்லன்னா இதெல்லாம் யாரு எனக்குச் சொல்லுவா?" என்றாள். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரெங் பொரித்துக் கொடுத்தாள். நான் இரண்டு சாப்பிட்டுவிட்டு, பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். பிள்ளையைத்தான் நகர்த்தினேன். அவளை, அவள் புருசனை, கூரையை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். சொன்னால் காசைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் பாதி. இன்னொரு பாதி, அவள் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வை போய்விடுமே என்பது. திருடிவிட்டு, திருடப்பட்டவள் கையால் மரியாதையும் வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டேன். என்னைப்பற்றி நானே எழுதுவதில் இதைவிடக் கேவலமான வரி இருக்காது.

மழைக்காலம் வந்தது. ஒவ்வொரு நாளும் காற்றடிக்கும்போது காஜா பெராங்தான் ஞாபகம் வரும். கணவருக்கும் வந்திருக்க வேண்டும். ஜன்னலருகில் போய் நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போவார். இரண்டு முறை தச்சரைக் கூட்டிக்கொண்டு போய் மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். என்ன சொல்லிக்கொண்டு போவது என்று யோசித்தே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் அவள் வந்து நின்றாள். நெற்றியில் ஒரு வெட்டுக்காயம், பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இடது கையில் கட்டு. மற்றக் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். பிள்ளையைப் புருசனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தாம்பாளத்தைச் சிவப்புத் தரையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, முந்தாநாத்து மழையில கூடத்து வெட்டம் எறங்கிடுச்சு. நான் வெளக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன். தகரமெல்லாம் சாமி மேடை மேல..."

"பிள்ளை?" என்றேன்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்க அன்னிக்கித் தொட்டில மாத்திக் கட்டச் சொன்னீங்களே, அந்தப் பக்கம் விழல. முந்தி இருந்த எடமா இருந்திருந்தா..." மூக்கை முந்தானையில் சிந்தினாள். "ஒங்க வாக்குதான் என் பிள்ளையக் காப்பாத்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா தப்பு என் மேலதான்க்கா. துணிய எடுத்துப் பாத்தா தூணு உள்ள பூரா கறையான். நீங்க இருந்த வரைக்கும் எப்படி வச்சிருந்தீங்க! சாமி இருக்குற எடத்துல கறையான் ஏறுதுன்னா அது சும்மா ஏறுமா? அவரு மரத்துல தான் கோளாறுங்கறாரு. எனக்குத்தான் தெரியும். பிள்ள பொறந்து முப்பது நாள் முடியறதுக்கு முன்னாடியே வெளக்கு ஏத்திட்டேன்க்கா. வீட்டுல வேற பொம்பள இல்ல, சாமி இருட்டுல இருக்கேன்னு மனசு கேக்கல. தீட்டோட ஏத்திட்டேன். நீங்க நம்பிக் குடுத்த சாமிய நான் இப்படிப் பண்ணிட்டேன். நீங்க மன்னிச்சாதான் எனக்கு ஆறும்."

சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையைத் தரையில் ஊன்றி, என் காலில் விழுந்தாள். அவள் நெற்றி என் பாதத்தில் பட்டது. காயத்துப் பக்கம் படாமல் மெல்லத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளறையில் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். அவர் எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், வெளியே வந்து சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கதவுக்கு வருவதற்குள் நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, சாமி மேடையிலிருந்து திருநீறு எடுத்து, பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் பூசினேன். "மன்னிச்சாச்சு, போம்மா. இனிமே தீட்டுல வெளக்கு ஏத்தாத" என்று சொல்லி, தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, அவளை அவசரமாக வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.